பெரிய கம்பெனிகள் எதைத் தேடுகின்றன? - தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பார்வை

பாளையங்கோட்டையில் கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் நாளைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அன்று காலை டவுன் பஸ்ஸில் நாலு பேராவது புதிதாக அயர்ன் செய்த முழுக்கைச் சட்டையும், அண்ணனிடம் இரவல் வாங்கிய ஷூவும், கையில் பிளாஸ்டிக் ஃபைலுமாக நிற்பார்கள். ஃபைலுக்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் கட்டுரைப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிய சான்றிதழ் வரை எல்லாம் இருக்கும். உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். உற்றுக் கேட்டால், "மைசெல்ஃப்..." என்று தொடங்கும் சுய அறிமுகம்!

மாலையில் அதே பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு வகையான பேச்சுதான் கேட்கும். வேலை கிடைத்தவர் ஒன்றும் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டே போனில் வீட்டோடு பேசுவார். கிடைக்காதவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றேதான். "எல்லாம் தெரியும்ல, இங்கிலீஷ்தான் வரல."

இந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை? பெரிய நிறுவனங்கள் ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது உண்மையில் எதைப் பார்க்கின்றன? மார்க்கா, ஆங்கிலமா, சட்டையா, அல்லது வேறு ஏதாவதா? நிறுவனங்கள் பார்ப்பது எல்லாமே சரியானதுதானா? பி.காம் படித்தாலும் பி.இ. படித்தாலும் நெல்லை மாவட்டத்தில் கடைசி வருடத்தில் இருக்கும் ஒவ்வொரு மாணவரும் யோசிக்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆயிரத்து இருநூறு வருடப் பழைய கேள்வி

தகுதி பார்த்து ஆள் எடுப்பது அமெரிக்கக் கம்பெனிகள் கொண்டுவந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கோவிலில் கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்துப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஊர்ச் சபையில் யார் உறுப்பினர் ஆகலாம் என்பதற்கான விதிகள் அதில் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படிக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கும் ஒரு நூறு வருடம் முந்தையது இது.

மானூர்ச் சபை கேட்ட தகுதிகளைப் பாருங்கள். நிலப் பங்கு இருக்க வேண்டும். குறிப்பிட்ட சாஸ்திரங்களைக் கற்றிருக்க வேண்டும். நல்லொழுக்கம் வேண்டும். இன்னொன்றும் சுவாரஸ்யமானது. சபையில் எந்த யோசனை வந்தாலும் வேண்டாம், வேண்டாம் என்று குறுக்கே நிற்பவருக்கும் அவருக்குத் துணை போகிறவருக்கும் ஐந்து காசு அபராதம்! இன்றைக்கு ஹெச்.ஆர். அதிகாரிகள் "டீம் ஸ்பிரிட்" என்று சொல்வதைத்தான் அன்றைக்கு ஐந்து காசு அபராதமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

திருக்குறளிலும் பொருட்பாலில் 51-ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல், 52-ஆவது அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளை எப்படிச் சோதித்துத் தேர்வு செய்வது, தேர்வு செய்தவரிடம் எப்படி வேலையை ஒப்படைப்பது என்று இருபது குறள்கள். அன்பு இருக்கிறது என்பதற்காகத் தகுதியில்லாதவரை வேலையில் வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்றும் அங்கே பேசப்படுகிறது. இன்றைய மனிதவளத் துறைப் பாடப்புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள் என்றே அவற்றைச் சொல்லலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. மானூர்ச் சபை நிலமுள்ள ஒரு பிரிவினருக்கு மட்டுமே திறந்திருந்த சபை. அதாவது முதலில் பிறப்பு என்ற கதவு. அந்தக் கதவைத் தாண்டியவருக்குத்தான் கல்வியும் ஒழுக்கமும் பற்றிய கேள்வியே வரும். இந்த முதல் கதவு இன்றைக்கு முழுவதும் போய்விட்டதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

மேஸ்திரி காலம்

தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குப் "பெரிய கம்பெனி" என்ற ஒன்று வந்தது 1880-களில். ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீரின் வேகத்தைப் பயன்படுத்தி நூல் மில் தொடங்கினார்கள். விக்கிரமசிங்கபுரம் மில் ஊராக வளர்ந்தது அதன் பிறகுதான். 1949-ல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்த இரண்டையும் நம்பித் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன.

அந்தக் காலத்தில் இந்திய மில்களில் ஆள் எடுத்தது யார்? மேனேஜர் இல்லை, மேஸ்திரி. அவருக்குத் தெரிந்தவர், அவர் ஊர்க்காரர், அவருக்கு வேண்டியவர் உள்ளே போவார். மேஸ்திரிகள் வேலைக்குக் கையூட்டு வாங்குவதைப் பற்றி 1931-ல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷன் அறிக்கையே விரிவாக எழுதி, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுக்கச் சொன்னது.

இதோடு ஒப்பிட்டால் எழுத்துத் தேர்வு, குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூ என்று வரிசையாக நடக்கும் இன்றைய முறை எவ்வளவோ மேல். சிபாரிசு பிடிக்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு என்பது பெரிய விடுதலை. குறை சொல்லும் முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

60 சதவீதம் ஏன் கேட்கிறார்கள்?

"பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம். அரியர் இருக்கக்கூடாது." பல கம்பெனிகளின் அறிவிப்பில் முதல் வரி இதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் குறைந்த மார்க்குக்கும் இருபத்தோரு வயதில் பார்க்கப்போகும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் வேலைச் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேலை தேடுபவரின் உண்மையான திறமை முதலாளிக்குத் தெரியாது. தேடுபவருக்கு மட்டும்தான் தெரியும். எனவே முதலாளி ஏதாவது ஓர் அடையாளத்தைப் பார்த்து ஊகிக்கிறார். டிகிரி அப்படிப்பட்ட ஓர் அடையாளம். இந்த ஆய்வு வரிசைக்காக 2001-ல் ஸ்பென்ஸுக்கும் அகர்லாஃப், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நெல்லைக்காரர்களுக்குப் பத்தமடைப் பாயை வைத்துச் சொன்னால் இன்னும் எளிதாகப் புரியும். பத்தமடையில் கோரைப்புல்லை மெல்லிய இழையாகக் கிழித்து நெய்யும் பட்டுப் பாய் இருக்கிறது. பாயைத் தெரிந்தவர் கையால் தடவிப் பார்த்து, மடித்துப் பார்த்து இழையின் நயத்தைச் சொல்லிவிடுவார். தெரியாதவர் என்ன செய்வார்? கடையின் பெயரையும் விலைச் சீட்டையும் பார்த்து வாங்குவார். ஒரே நாளில் ஆயிரம் பேரைப் பார்க்க வேண்டிய கம்பெனியும் இரண்டாமவர் நிலையில்தான் இருக்கிறது. தடவிப் பார்க்க நேரமில்லை. அதனால் சீட்டைப் பார்க்கிறது.

ஆக, மார்க் என்பது கம்பெனி தேடும் குணம் அல்ல. கூட்டத்தைக் குறைக்கக் கம்பெனி வைத்திருக்கும் சல்லடை. சல்லடையில் நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் எதையும் காட்ட முடியாது என்பதும் உண்மை. எனவே "மார்க்கில் என்ன இருக்கு" என்று வசனம் பேசுவது ஆபத்து. அதே சமயம் 85 சதவீதம் வாங்கிவிட்டதால் வேலை நிச்சயம் என்று நினைப்பதும் ஏமாற்றத்தில் முடியும். சல்லடையைத் தாண்டிய பிறகு யாரும் மார்க்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சல்லடைக்குப் பிறகு தேடப்படும் ஐந்து குணங்கள்

*1. புதிதாகக் கற்கும் திறன்*

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய நிறுவனங்களிடம் கேட்டுத் தயாரானது. பத்தில் ஏழு நிறுவனங்கள் முக்கியம் என்று சொன்னது பகுத்து ஆராயும் திறனை. 2030-க்குள் வேலைக்குத் தேவையான திறன்களில் 39 சதவீதம் மாறிவிடும் என்றும் அந்த நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன.

வணிகவியல் மாணவருக்கு இது புதிதல்ல. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை வாட், சேவை வரி, கலால் வரி என்று படித்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. பழைய சட்டத்தை மனப்பாடம் செய்தவர் திணறினார். வரி என்பது எப்படி இயங்குகிறது என்று புரிந்து படித்தவர் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார். இப்போது கணக்குப் பதிவு வேலையின் பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடுகிறது. பதிவு போடத் தெரிந்தவரை விட, போட்ட பதிவில் எங்கோ தப்பு இருக்கிறதே என்று மூக்கில் வியர்ப்பவருக்குத்தான் மதிப்பு.

*2. தெளிவாகச் சொல்லும் திறன்*

நெல்லை மாணவர்கள் அதிகம் பயப்படுவது இங்கேதான். "கம்யூனிகேஷன் ஸ்கில்" என்றாலே ஆங்கிலம் என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தினமும் போனில் பேச வேண்டிய வேலைக்கு ஆங்கிலம் கண்டிப்பாகத் தேவை. அதில் சமாதானம் இல்லை. ஆனால் அந்த வேலையிலும் கேட்கப்படுவது உச்சரிப்பு அழகு அல்ல. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா, எதிராளி சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுப் பேசுகிறாரா என்பதுதான்.

குரூப் டிஸ்கஷனில் இதை நன்றாகப் பார்க்கலாம். அதிகமாகப் பேசியவர் ஜெயித்தார் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பல நேரம் மூன்று முறை மட்டும் பேசி, மற்றவர் சொன்னதை ஒட்டி ஒரு புதுக் கருத்தைச் சேர்த்தவர் தேர்வாகிறார். ஜங்ஷனில் டீக்கடையில் கிரிக்கெட் பற்றி அரை மணி நேரம் ஆதாரத்தோடு வாதாடும் இளைஞருக்கு வாதத் திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவரிடம் இல்லாதது பழக்கம். மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கையில் ஒரு தடவைகூட எழுந்து நின்று கேள்வி கேட்காதவர், நான்கு பேர் முன்னால் திடீரென்று பேச வேண்டும் என்றால் ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் வராது!

*3. நேர்மை*

"இன்டெக்ரிட்டி" என்ற வார்த்தை எல்லாக் கம்பெனி வெப்சைட்டிலும் இருக்கிறது. அலங்காரத்துக்காகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2009 ஜனவரி 7-ஐ நினைத்துப் பார்க்கலாம். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு அன்று எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ரொக்கம் உண்மையில் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஐம்பதாயிரம் பேர் வேலை பார்த்த நிறுவனம் சில நாட்களில் ஆட்டம் கண்டது. கணக்கில் ஒரு பொய், அதை மறைக்க இன்னொரு பொய் என்று வருடக்கணக்கில் வளர்ந்தது அது. 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தது.

பயோடேட்டாவில் செய்யாத புராஜெக்டைச் செய்ததாக எழுதுவதும், போலி அனுபவச் சான்றிதழ் வாங்குவதும் மாணவர்களிடையே சாதாரணமாகிவிட்டது. "எல்லாரும் செய்றாங்க" என்பது பதில். பெரிய நிறுவனங்கள் வேலையில் சேர்த்த பிறகும் பின்னணி விசாரணை செய்கின்றன. ஆறு மாதம் கழித்துக்கூடக் கண்டுபிடித்து வெளியே அனுப்புகிறார்கள். திறமைக் குறைவைப் பயிற்சி கொடுத்துச் சரி செய்யலாம். பொய்க்குப் பயிற்சி கிடையாது.

*4. சேர்ந்து உழைப்பது*

மானூரின் ஐந்து காசு அபராதம் இதற்குத்தான். பெரிய கம்பெனியில் ஒருவர் தனியாக முடிக்கும் வேலை என்று எதுவுமே இல்லை. ஆனால் சேர்ந்து உழைப்பது என்றால் மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. தவறு என்று தெரிந்தால் சொல்ல வேண்டும், முடிவு எடுத்த பிறகு அதற்காக உழைக்க வேண்டும். ஒன்றுமே யோசிக்காமல் ஆமாம் போடுபவரும், எல்லாவற்றுக்கும் முடியாது என்பவரும் ஒரே அளவுக்குத்தான் பாரம்.

*5. தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்வது*

இதற்கு நெல்லையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகும் உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைச் செலவழித்துக் கட்டிய பாலம் அது. 1843-ல் திறக்கப்பட்டது. ஆற்றைக் கடக்க மக்கள் படும் பாட்டைப் பார்த்து "இது என் டிபார்ட்மெண்ட் இல்லை" என்று அவர் போயிருக்கலாம். போகவில்லை.

வேலைக்கு வருபவர் பாலம் கட்ட வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை. ஆனால் இன்டர்வியூவில், "நீங்களாக முன்வந்து செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எத்தனையோ மாணவர்கள் தெருத் தெருவாகச் சாப்பாடு கொண்டுபோனார்கள், வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அதை இன்டர்வியூவில் சொல்ல வேண்டும் என்று அவர்களில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. "அது என்னத்த சார் பெருசா" என்று விட்டுவிடுகிறார்கள். நெல்லைக்காரர்களின் அடக்கம் நல்ல குணம்தான். இன்டர்வியூவில் மட்டும் அதைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம்!

மத்தளம்பாறை சொல்லும் பாடம்

மேலே சொன்ன குணங்களில் எதையும் மார்க் ஷீட்டில் பார்க்க முடியாது. அப்படியானால் மார்க் ஷீட்டைப் பார்க்காமலே ஆள் எடுத்தால் என்ன? இந்தக் கேள்வியை ஒரு கம்பெனி உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறது. அதுவும் இந்தப் பள்ளத்தாக்கின் சிற்றாற்றுப் பக்கத்திலேயே.

ஸ்ரீதர் வேம்புவும் சகாக்களும் 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வேலைக்கு எடுத்தவர்களைச் சில வருடம் கவனித்ததில், படித்த கல்லூரியின் பெயருக்கும் மார்க்குக்கும் அவர்களின் வேலைத் திறமைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. 2004-05 வாக்கில் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த சிலரை மட்டும் வைத்து ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். இன்று அதற்கு ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங் என்று பெயர். ஃபீஸ் கிடையாது. படிக்கும்போதே உதவித்தொகை. இரண்டு வருடம் முடிந்ததும் கம்பெனியிலேயே வேலை. கல்லூரி டிகிரி இல்லாத நூற்றுக்கணக்கானோர் இப்படி மென்பொருள் எழுதுகிறார்கள்.

2011-ல் தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியபோது, "கிராமத்துல என்ன சாஃப்ட்வேர்" என்று கேட்டவர்கள் உண்டு. உலகம் முழுவதும் விற்கும் ஜோஹோ டெஸ்க் மென்பொருளின் வேலைகள் பெருமளவு அங்கேதான் நடந்தன. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது.

இதிலிருந்து "டிகிரி தேவையில்லை" என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. அங்கும் நுழைவுத் தேர்வு உண்டு, நேர்காணல் உண்டு, விண்ணப்பிப்பவர்களில் சிலருக்குத்தான் இடம். இது ஒரே ஒரு கம்பெனியின் கதை. மற்றவை டிகிரி கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கற்க வேண்டிய உண்மையான பாடம் வேறு. இரண்டு வருடம் கூடவே வைத்துப் பார்த்தால் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். அதாவது அந்தக் கம்பெனி பாயைத் தடவிப் பார்க்கும் செலவை ஏற்றுக்கொண்டது. அதனால் சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நிறுவனங்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும்

மாணவர்களுக்கு மட்டும் அறிவுரை சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது நியாயம் அல்ல. ஆள் எடுக்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது.

ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தத் தேர்வு முறை பின்னாளைய வேலைத் திறமையைச் சரியாகக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி. முழுப் பொருத்தம் 1 என்றால், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்கு 0.51. மனம் போன போக்கில் கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.38. எத்தனை வருடம் படித்தார் என்பதற்கு வெறும் 0.10. 2022-ல் சாக்கெட் குழுவினர் மறுபடி கணக்கிட்டபோது எண்கள் குறைந்தன. ஆனால் ஒழுங்குபடுத்திய இன்டர்வியூதான் முதலிடத்துக்கு வந்தது, 0.42. கூகுள் நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ல், மூளையைக் குழப்பும் புதிர்க் கேள்விகள் நேர விரயம் என்றும், புதிதாகக் கல்லூரி முடித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு மார்க்கால் எந்தப் பயனும் இல்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆனால் இங்கே கேம்பஸில் பல நேரம் நடப்பது எது? "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "அப்பா என்ன செய்கிறார்?", "குடும்பப் பின்னணி என்ன?"

இந்த மூன்றாவது கேள்வி சும்மா கேட்கும் கேள்வி இல்லை. டெல்லிப் பகுதியில் மனிதவள மேலாளர்களிடம் பேசி ஜோத்கா, நியூமன் இருவரும் 2007-ல் எழுதிய ஆய்வில், தகுதிதான் முக்கியம் என்று சொன்ன மேலாளர்களே குடும்பப் பின்னணியைத் தவறாமல் கேட்பதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, ஒரே படிப்பு, பெயர் மட்டும் வேறு வேறு என்று தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயரைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இல்லை!

மானூரின் முதல் கதவு இன்னும் கொஞ்சம் திறக்காமல்தான் நிற்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்பா பீடிக் கடையில் கணக்கு எழுதினாலும், அம்மா வயலில் நாற்று நட்டாலும் அதற்கும் பிள்ளையின் கணக்கறிவுக்கும் சம்பந்தம் இல்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை "குடும்பப் பின்னணி" என்ற கேள்வியைக் கேட்டதும் குரல் இறங்குகிறது. அதற்குப் பிறகு அது சொல்லும் பதில் எல்லாம் "தன்னம்பிக்கைக் குறைவு" என்று எழுதப்படுகிறது. குரலை இறக்கிவிட்டு, குரல் இறங்கியது என்று மார்க் குறைப்பது என்ன நியாயம்?

ஆகவே நிறுவனங்கள் செய்ய வேண்டியது கஷ்டமான காரியம் அல்ல. எல்லோரிடமும் ஒரே கேள்விகள். வேலைக்குச் சம்பந்தமான கேள்விகள். முடிந்தால் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்வது. ஒரு பி.காம் மாணவரிடம் "உங்கள் பலவீனம் என்ன" என்று கேட்பதைவிட, நான்கு தப்பு உள்ள ஒரு பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மெண்டைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அதைத் தமிழில் விளக்கினாலும் விளக்கம் விளக்கம்தான். ஆங்கிலம் தேவைப்படும் வேலைக்கு ஆங்கிலத்தைத் தனியாகச் சோதிக்கட்டும். எல்லாவற்றையும் ஆங்கிலம் என்ற ஒரே சல்லடையில் போட வேண்டாம்.

மாணவர்களும் கல்லூரிகளும்

கல்லூரிகள் கடைசி செமஸ்டரில் மூன்று நாள் "சாஃப்ட் ஸ்கில்" வகுப்பு வைத்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி கிடைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பேசும் பழக்கம் முதல் வருடம், முதல் வாரத்திலிருந்து வகுப்பறையில் வர வேண்டும். கேள்வி கேட்ட மாணவனை "அதிகப்பிரசங்கி" என்று உட்காரவைத்துவிட்டு, மூன்றாம் வருடம் அவனிடம் தன்னம்பிக்கை இல்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

மாணவர்கள் செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்று இருக்கிறது. மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் நடந்த ஐந்து நிஜச் சம்பவங்களை ஒரு நோட்டில் எழுத வேண்டும். என்ன சூழ்நிலை, தன் பொறுப்பு என்ன, தான் என்ன செய்தார், முடிவு என்ன ஆயிற்று என்று நான்கே வரி. லீவில் மாமா கடையில் ஸ்டாக் எடுத்தது, ஊர்க் கொடைக்கு வரவு செலவுக் கணக்கு எழுதியது, அரியர் விழுந்து அடுத்த முறை பாஸ் செய்தது, எதுவானாலும் சரி. முதலில் தமிழில் எழுதி, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கலாம். சொந்த அனுபவத்தைச் சொல்லும்போது நாக்கு குழறுவதில்லை. இரவல் வசனத்தைச் சொல்லும்போதுதான் குழறும்.

வாய்ப்புகள் இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறினால்தான் என்று இல்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். பணியாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். 2025 ஆகஸ்டில் பக்கத்துத் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்தது. ஆலை வந்தால் இயந்திரத்துக்கு மட்டுமல்ல, கணக்குக்கும், கொள்முதலுக்கும், ஏற்றுமதி ஆவணத்துக்கும் ஆள் வேண்டும். அந்த இருக்கைகளில் வெளியூர்க்காரர் உட்காருவாரா, தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர் உட்காருவாரா என்பதுதான் அடுத்த பத்து வருடத்தின் கேள்வி.

வேலை கிடைக்காமல் மாலைப் பஸ்ஸில் திரும்பும் மாணவர் "இங்கிலீஷ்தான் வரல" என்று சொல்லிக்கொண்டால் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. மற்றதெல்லாம் வந்துவிட்டது என்ற ஆறுதல். அதை விட்டுவிட்டு, இன்று எந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அந்த அரை மணி நேரப் பயணத்தில் யோசித்தால், அடுத்த இன்டர்வியூவுக்கு அதுவே பாதித் தயாரிப்பு. மீதிப் பாதி, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருக்கிறது. அவரும் அன்று மாலை ஹோட்டல் அறைக்குத் திரும்பும்போது, "இன்று யாரை, எதற்காக வேண்டாம் என்று சொன்னோம்?" என்று ஒரு நிமிடம் யோசித்தால் நன்றாக இருக்கும்.